உபரி 1,842 ரிங்கிட் 60 சென்

இஞ்சினியரிங் படிக்கிறவனுக்குக் கணக்கு வரும் என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையால்தான் நான் எங்கள் பல்கலைக்கழக இந்து மாணவர் சங்கத்தின் பொருளாளர் ஆனேன். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. "பொருளாளருக்கு யார் நிக்கிறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார்கள். நான் மட்டும் விவரம் தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "நீ மெக்கானிக்கல்தானே? கணக்கு வரும்லா" என்று தலைவர் அண்ணன் சொன்னார். முடிந்தது.

கணக்கு வரும்தான். ஒரு குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று சொல்வேன். 240 பேருக்குத் தீபாவளி விருந்து வைத்தால் காசு எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

விருந்து நன்றாகத்தான் நடந்தது. டிசம்பர் கூட்டத்தில் நான் வாசித்த கணக்கு இது. டிக்கெட் 240, ஒன்று 25 ரிங்கிட், ஆக 6,000. நன்கொடை 3,500. மொத்த வரவு 9,500. செலவில் மண்டபம் 1,800, ஒலி ஒளி 2,200, பூ, தோரணம், கோலமாவு 640, பரிசுகள் 900, அச்சு 360, சில்லறைச் செலவு 257 ரிங்கிட் 40 சென், சாப்பாட்டுக்குக் கொடுத்தது 1,500. மொத்தம் 7,657.40. மிச்சம், அதாவது உபரி, 1,842 ரிங்கிட் 60 சென்.

இதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. கோலமாவுக்குக்கூட இருக்கிறது. அந்த 60 சென்னைச் சொன்னபோது கைதட்டல் வந்தது. சங்க வரலாற்றில் விருந்து வைத்து மிச்சம் பிடித்த முதல் பொருளாளர் நான்தானாம். அந்த உற்சாகத்தில் அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள். செயலவை உறுப்பினர் 28 பேருக்கும் டி-சட்டை, ஒன்று 35 ரிங்கிட், ஆக 980. கூடவே 420 ரிங்கிட்டுக்கு ஒரு ஸ்பீக்கர். சட்டையின் முதுகில் 'தர்மம் வெல்லும்' என்று அச்சடித்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் சமையல் அக்கா போன் செய்தார். "தம்பி, அந்த மிச்சக் காசு என்னாச்சு? பிள்ளைக்கு ஸ்கூல் தொறக்குது, யூனிபோர்ம் எடுக்கணும்."

240 சாப்பாடு, தலைக்கு 14 ரிங்கிட், மொத்தம் 3,360. அதில் 1,500 முன்பணம் கொடுத்திருந்தோம். பாக்கி 1,860. என் அருமையான உபரி 1,842.60. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விருந்தில் எங்களுக்கு 17 ரிங்கிட் 40 சென் துண்டு விழுந்திருக்கிறது. சங்கத்தில் பழைய கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அப்போது பேங்கில் இருந்தது 442.60. மீதியை எல்லாம் நாங்கள் முதுகில் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

அக்காவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று பிறகு சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எங்கே ஒரு தொகையைப் பார்த்தாலும், இதில் யாருடைய சாப்பாட்டுக் காசு விட்டுப்போயிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

எங்கள் மாமா ஒருவர் பழைய கார் எடுத்தார். லோன் 50,000, ஒன்பது வருடம். "வட்டி வெறும் மூணரை பெர்சென்ட்டான்டா" என்று பெருமையாகச் சொன்னார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். 50,000-க்கு 3.5 விழுக்காடு 1,750. ஒன்பது வருடத்துக்கு 15,750. அசலோடு சேர்த்து 65,750-ஐ 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 609 ரிங்கிட் அளவில் வருகிறது. இதுவரை சரி. ஆனால் மாமா மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே திருப்பிக் கட்டுகிறார்? ஆறாவது வருடத்தில் அவர் கையில் பேங்கின் பணம் 50,000 இல்லை. பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டி மட்டும் இன்னும் முழு 50,000-க்கே ஓடுகிறது, ஒன்பதாவது வருடத்தின் கடைசி மாதம் வரைக்கும். உண்மையில் அவர் கையில் இருக்கும் கடனுக்கு என்ன வட்டி என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 6.3 விழுக்காடு.

"அப்போ பேங்குக்காரன் பொய் சொல்லிட்டானா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல மாமா, அவர் சொன்னதும் சரிதான்."

"அப்போ நீ பொய் சொல்றியா?"

"நானும் இல்ல மாமா."

"ரெண்டு பேரும் உண்மை பேசுனா எனக்கு மட்டும் எப்படிடா நஷ்டம்?"

இதைவிட நல்ல கேள்வியை என் விரிவுரையாளர்கள்கூட என்னிடம் கேட்டதில்லை.

சராசரி என்ற ஆசாமியையும் பாருங்கள். 2022-இல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட் என்கிறது புள்ளிவிவரத் துறை. அதைக் கேட்டால் என் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அவர் மட்டும்தான் பின்தங்கிவிட்டதாக நினைப்பார். அதே துறை இன்னொரு எண்ணையும் பக்கத்திலேயே தருகிறது. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்கிற குடும்பத்தின் வருமானம் 6,338. இடையில் இரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். மாமாக் கடையில் நாம் இருபது பேர் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது ராபர்ட் குவோக் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த நொடியில் சராசரிப்படி நாம் எல்லோரும் கோடீஸ்வரர்கள். ரொட்டி சானாய்க்கு மட்டும் வழக்கம்போலக் கடன் சொல்ல வேண்டியதுதான். துறையின் மேல் எனக்குக் குறையே இல்லை, அது இரண்டு எண்ணையும் வெளியிடுகிறது. மேடையில் பேசுகிறவர்தான் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்.

பெரிய ஆட்களின் கதை ஒன்று. அமெரிக்காவில் என்ரான் என்று ஒரு எரிசக்தி நிறுவனம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அதன் வருவாய் 100 பில்லியன் டாலருக்கு மேல் என்று கணக்குக் காட்டியது. 2001 டிசம்பரில் திவால். நிறையத் திருட்டு வேலைகள் நடந்தன, அதற்காகச் சிறைக்கும் போனார்கள். ஆனால் அந்த 100 பில்லியன் எண்ணின் பெரும் பகுதிக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அதுதான் எனக்குச் சுவாரசியம். என் நண்பன் அவனுடைய மோட்டாரை விற்றுத் தரச் சொல்கிறான் என்று வையுங்கள். 5,000-க்கு விற்றுக்கொடுத்து நூறு ரிங்கிட் கமிஷன் வாங்கிக்கொள்கிறேன். என் வருவாய் எவ்வளவு? அம்மாவைக் கேட்டால் நூறு என்பார், அதையும் வாங்கி உண்டியலில் போடுவார். என்ரான் வழியில் எழுதினால் என் வருவாய் 5,000. மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் விற்றபோதெல்லாம், தனக்கு நின்ற லாபத்தை மட்டும் காட்டாமல் கைமாறிய முழுத் தொகையையும் அது வருவாயில் சேர்த்தது. இப்படி எழுத அப்போதைய கணக்கு விதிகள் இடம் கொடுத்தன.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வேறு ரகம். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு அந்த நிறுவனத்துக்கு நல்ல நிர்வாகத்துக்காகத் தங்க மயில் விருது கொடுத்திருந்தார்கள். இதைப் படித்துச் சிரித்தேன், உடனே எனக்குக் கிடைத்த கைதட்டல் ஞாபகம் வந்தது. சத்யம் செய்தது நேரான பொய். இல்லாத காசை இருப்பதாக எழுதினார்கள். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை. என் கணக்கில் இல்லாத காசு எதுவும் இல்லை. அன்றைக்கு பேங்கில் 1,842.60 இருந்தது, போய்க் கேட்டால் கொடுப்பார்கள். அப்படியானால் நான் செய்தது என்ன?

இந்தக் கேள்வியைச் செயலவையில் எழுப்பினேன். தலைவர் அண்ணன் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். சும்மா விடுவாரா? "வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இரண்டாவது குறளில் இடம் கொடுத்திருக்காரே தம்பி. நன்மை தந்தா பொய்யும் உண்மை மாதிரிதான்னு சொல்லலியா? நீ பொய்கூடச் சொல்லல. சங்கத்துக்கு நல்ல பேரு வந்துச்சு. அப்புறம் என்ன?" என்றார்.

அன்றிரவு விடுதியில் அந்த அதிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் ஒரு சொல்லை விட்டுவிட்டார். வள்ளுவர் சும்மா நன்மை என்று சொல்லவில்லை, குற்றமில்லாத நன்மை என்கிறார். யாருக்கு நன்மை வந்தது? எங்களுக்குச் சட்டை வந்தது, ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டை தள்ளிப்போனது. இரண்டாவது குறளைப் பிடித்துக்கொண்டவர் முதல் குறளையும் பார்த்திருக்கலாம். ஒருவருக்கும் தீங்கு வராத சொல்தான் வாய்மை என்று அங்கேயே இருக்கிறது. அந்த அளவுகோலை எடுத்தால், எண் சரியா தப்பா என்பதோடு வேலை முடிவதில்லை. அந்த எண்ணை நம்பியவருக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு தர்மர் ஞாபகத்துக்கு வந்தார். சின்ன வயதில் கோயில் சமய வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குத் தர்மர்மேல் பெரிய கோபம் எதுவும் வரவில்லை. துரோணரைப் போரில் நிறுத்த முடியவில்லை. பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் செத்தான் என்று கத்துகிறான். துரோணருக்கு மகன் பெயரும் அதுதான். நம்பாமல் தர்மரிடம் கேட்கிறார், ஏனென்றால் தர்மர் பொய் சொல்ல மாட்டார். தர்மரும் 'அசுவத்தாமன் இறந்தான்' என்பதைச் சத்தமாகச் சொல்லி, யானை என்பதைக் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார். அதுவரை பூமியில் படாமல் நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் அப்போதே தரையில் இறங்கியது.

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஒரு கணக்காய்வாளர் வந்து பார்த்திருந்தால், "யானை என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் லாபம் இருக்கும். கடைசிப் பக்கங்களில் எறும்பு அளவு எழுத்தில் குறிப்புகள் இருக்கும். யானை எப்போதும் அந்தக் குறிப்புகளுக்குள்தான் நிற்கும்.

தேர் இறங்கியதோடு கதை முடியவில்லை. மகாபாரதத்தின் கடைசியில் தர்மர் கொஞ்ச நேரம் நரகத்தைப் பார்க்க வேண்டி வருகிறது. துரோணரிடம் செய்த அந்தச் சூழ்ச்சிதான் காரணம் என்று இந்திரனே சொல்கிறான். நேராகப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு இல்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்கிறவனை என்றாவது பிடித்துவிடலாம். தர்மர் பயன்படுத்தியது, அவர் பொய்யே சொல்ல மாட்டார் என்று துரோணர் வைத்திருந்த நம்பிக்கையை. "ரசீது இருக்கு" என்று நானும் அதைத்தான் பயன்படுத்தினேன்.

இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இதுவரை படித்தவர்கள், பாவம் பையன், பில் லேட்டாக வந்ததால் மாட்டிக்கொண்டான் என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கும்படிதான் மேலே எழுதியிருக்கிறேன். பார்த்தீர்களா, பழக்கம் போகவில்லை.

பில் தானாக லேட்டாகவில்லை. விருந்துக்கு மறுவாரமே அக்கா, "பில்லு எழுதித் தரவா தம்பி?" என்று கேட்டார். "கூட்டம் முடியட்டும்க்கா, ஜனவரியில குடுங்க" என்று சொன்னது நான்தான். துண்டு விழுந்த கணக்கைக் காட்டினால் அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைக்காது என்று பயம். கூட்டத்துக்கு முன் நவம்பர் 30-ஆம் தேதியோடு கணக்கை மூடினேன். மூடிய தேதி வரை உள்ள எல்லாமே உண்மை. ஒரே ஒரு பாக்கி மட்டும் வாசலுக்கு வெளியே நின்றது, நான் நிற்கச் சொன்னதால். டி-சட்டை தீர்மானம் வந்தபோது எழுந்து சொல்லியிருக்கலாம். கைதட்டல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நன்கொடை 3,500-இல் 500 ரிங்கிட், அடுத்த திருமுறைப் போட்டிப் பரிசுக்கென்று ஒரு பெரியவர் தனியாகச் சொல்லிக் கொடுத்தது. அது எங்கள் காசே இல்லை, வைத்திருந்து கொடுக்க வேண்டிய காசு. அதையும் எடுத்துவிட்டால் துண்டு 17.40 இல்லை, 517.40.

ஆய்வகத்தில் ஒரு அளவை எடுத்தால் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, எவ்வளவு தவறு இருக்கலாம் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் மதிப்பெண் போகும். முதலாம் ஆண்டிலிருந்து அதைச் செய்துவருகிற நான், காசுக் கணக்கில் சென் வரைக்கும் துல்லியமாகக் காட்டிவிட்டு ஐந்நூறையும் ஆயிரத்து எண்ணூறையும் கோட்டை விட்டேன். அந்த 60 சென்தான் எல்லோரையும் நம்ப வைத்தது. 'சுமார் 1,800 இருக்கும், பாக்கி கொடுக்கணும்' என்று எழுதியிருந்தால் கைதட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

அக்காவிடம் போனில் பேச வெட்கப்பட்டு நேரில் போனேன். கையில் 400 ரிங்கிட். அடுப்பங்கரை மேசையில் அவருடைய 555 நோட்டு இருந்தது. மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. இடது பக்கம் அவருக்கு வரவேண்டியது, வலது பக்கம் அவர் கொடுக்கவேண்டியது. வலது பக்கத்தில் ஆட்டிறைச்சிக்காரருக்கு ஒரு தொகை, காய்கறிக்காரருக்கு ஒரு தொகை, உதவிக்கு வந்த இரண்டு பெண்களின் கூலி. கூலிக்கு மட்டும் கோடு அடித்திருந்தது, அதை முதலில் கொடுத்திருக்கிறார். இடது பக்கத்தில் எங்கள் சங்கத்தின் பெயரும் 1,860-உம். விருந்து நடந்த அன்றே எழுதியது. நான் பில் வேண்டாம் என்று சொன்னதால் அந்தக் கடன் பிறக்காமல் இருந்துவிடவில்லை.

என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னேன், ஜனவரியில் கொடுங்கள் என்று ஏன் சொன்னேன் என்பது உட்பட. அக்கா திட்டவில்லை. "கூட்டத்துல கைதட்டுனாங்களா தம்பி?" என்று கேட்டார். தட்டினாங்கக்கா என்றேன். "என் சாப்பாட்டுக்குத்தான் தட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

செயலவையில் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் சத்தம். கடைசியில் ஆளுக்கு 35 ரிங்கிட் போட்டுச் சட்டையை அவரவர் காசில் வாங்கிக்கொண்டதாக ஆக்கினோம். தலைவர் அண்ணன்தான் முதலில் காசை வைத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 980 வந்தது. மீதி 480-க்கு வளாகத்தில் இரண்டு வாரம் வடையும் தே தாரிக்கும் விற்றோம். அந்தக் கடை லாபத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது. பருப்பு என் அம்மா கொடுத்தது, வடை சுட்டது தங்கச்சிமார் நான்கு பேர், சாமான் ஏற்றியது அப்பாவின் சாகா. எதுவும் செலவில் எழுதப்படவில்லை. திருமுறைப் பரிசுக்கான 500-இல் இன்னும் 180 சேர்க்க வேண்டியிருக்கிறது, போட்டி ஆகஸ்டில்.

பள்ளி திறந்தபோது அக்காவின் பிள்ளை பழைய சீருடையில்தான் போனது. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் கடைசித் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எண்ணிப் பார்த்தார், நம்பிக்கை இல்லாமல் இல்லை, எண்ணித்தான் வாங்குவார். 555 நோட்டை எடுத்து 1,860-க்கு மேல் ஒரு கோடு போட்டார். நான் எழுந்தபோது கேட்டார்.

"இந்த வருசமும் அதே 240 பேருதானா தம்பி?"

"ஆமாக்கா. இந்தத் தடவை பில்லை அன்னைக்கே குடுத்துருங்க."

"பில்லு அன்னைக்கே தரேன். காசு மட்டும் முன்னாடியே முழுசா குடுத்துரு" என்றார்.